கீமோ வேணுமா, மாத்திரை எத்தனை வருஷம்: வந்த கடிதங்களுக்கு பதில்

மார்பக கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் மருந்து எவ்ளோன்னு கேட்டு இந்த தடவை நெறைய கடிதம். அதுல பாதி பேர் இ.ஆர்., பி.ஆர். (ஹார்மோனால வளர்ற கேன்சரான்னு சொல்றது), ஹெர்-2 (அந்தப் பேர்ல உள்ள புரதம் அதிகமா இருக்கான்னு சொல்றது) என்னன்னே எழுதல. பவர் சொல்லாம மூக்குக் கண்ணாடி வாங்கப் போற மாதிரி இருக்கு. அந்தக் கடிதங்கள அப்படியே ஒதுக்கி வச்சுட்டேன், ரிப்போர்ட்டோட திரும்ப எழுதுங்க.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு. கட்டி 1.8 செ.மீ., கிரேடு 2 (நடுத்தர வேகம்), அக்குள் நோட்ல (நிணநீர் முடிச்சுல) ஒண்ணும் இல்ல. இ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். கீமோ போட்டா திரும்ப வர்றது 30 சதவீதம் குறையும்னு டாக்டர் சொல்றார். போட்டுடலாமா?

பதில்: முழு ரிப்போர்ட்டும் எழுதிருக்கீங்க, சந்தோஷம். ஆனா எதுல 30 சதவீதம்னு அவர்கிட்ட கேட்டீங்களா? இத எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேக்குறதில்ல. ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிட்டா 100 பேர்ல 10 பேருக்கு திரும்ப வரும்னு வச்சுக்குவோம், அதுல 30 சதவீதம்னா 3 பேர். கீமோ போட்டும் 7 பேருக்கு வரும், மீதி 90 பேருக்கு போடலைன்னாலும் வராது. இதே இது 50 பேருக்கு வரக்கூடிய கேன்சர்னா அந்த 30 சதவீதம் 15 பேர், அப்ப நானே உக்கார வச்சு போட்டு விடுவேன். ரெண்டுக்கும் ஒரே 30ஐ சொல்லி பயமுறுத்தி கையெழுத்து வாங்குறதுதான் எனக்கு ஆகவே ஆகாது. நான் மருந்துச்சீட்டு பின்னாடி பத்து வரிசைக்கு பத்து புள்ளி வச்சு, கீமோவால பலன் கிடைக்கிறவங்கள மட்டும் சிவப்பு பேனாவுல சுழிச்சுக் காட்டுவேன். போன மாசம் பூ கட்டுற அம்மா ஒருத்தங்க அந்த சுழிக்காத புள்ளிங்கள விரலால தடவிப் பாத்துட்டு, "அப்ப இத்தன பேருக்கும் சும்மாவே முடி கொட்டுமா டாக்டர்"னாங்க. இத விட சரியா யாரும் கேக்க முடியாது.

உங்க அம்மா விஷயத்துக்கு வருவோம். 2018ல வந்த டெய்லர்எக்ஸ் ஆய்வு, கிட்டத்தட்ட பத்தாயிரம் பெண்கள். நோட் இல்லாத, இதே மாதிரி கேன்சர்ல, 50 வயசு தாண்டினவங்களுக்கு ஆன்கோடைப் ஸ்கோர் (கட்டியோட மரபணுவ வச்சு திரும்ப வர்ற ஆபத்த சொல்ற டெஸ்ட்) 25 வரைக்கும் இருந்தா கீமோவால லாபம் இல்ல, மாத்திரையே போதும். டெஸ்ட் லட்சக்கணக்குல ஆகும், எல்லாராலயும் முடியாது. முடியலைன்னா கிரேடு, கேஐ-67 (செல் எவ்ளோ வேகமா பெருகுதுங்கிற கணக்கு) வச்சு டாக்டரோட பேசுங்க. பிரிட்டன்காரங்க பண்ண பிரெடிக்ட்னு ஒரு கணக்கு இலவசமாவே இருக்கு, அதுவும் 100 பேர்ல எத்தனை பேர்னுதான் சொல்லும். அத டாக்டர் முன்னாடி போட்டுப் பாருங்க, வீட்ல ராத்திரி தனியா உக்காந்து வேணாம்.

கேள்வி: டமாக்சிஃபென் (ஹார்மோன் மாத்திரை) 5 வருஷமா 10 வருஷமா?

பதில்: 5 கட்டாயம். நோட்ல இருந்துச்சுன்னா 10 யோசிக்கலாம். அட்லஸ் ஆய்வுல 5ல நிறுத்தினவங்கள்ல 100க்கு 25 பேருக்கு திரும்ப வந்துச்சு, 10 வரைக்கும் போனவங்கள்ல 21. பதிலுக்கு கர்ப்பப்பை கேன்சர் 100க்கு ஒன்றரைல இருந்து 3 ஆச்சு. தீட்டு நின்னவங்களுக்கு திரும்ப ரத்தம் பட்டா அன்னிக்கே டாக்டர பாருங்க.

கேள்வி: டமாக்சிஃபென் சாப்பிடுற மனைவிக்கு உடம்பு அனலா அடிக்குதுன்னு பக்கத்து டாக்டர் பராக்சிடின் (மன அழுத்த மாத்திரை) குடுத்தார், சரியா?

பதில்: சரியில்ல. டமாக்சிஃபென் உடம்புல போய் வேலை செய்ற மருந்தா மாறுறத அது தடுக்கும். வென்லாஃபாக்சின் மாதிரி வேற இருக்கு. திடீர்னு விடாதீங்க, கேட்டு மாத்துங்க.

கேள்வி: டிராஸ்டுசுமாப் (ஹெர்-2 பாசிட்டிவுக்கு போடுற ஊசி) ஒரு வருஷம் போட காசு இல்ல. 9 ஊசியோட, அதாவது 6 மாசத்தோட நிறுத்தலாமா?

பதில்: இன்னிக்கும் எல்லாரும் போடுறது ஒரு வருஷம்தான். ஆனா பிரிட்டன்ல 4,000 பேர வச்சு பண்ண பெர்செஃபனி ஆய்வுல 6 மாசம் போட்டவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு நல்லா இருந்தாங்க. பிரெஞ்சு ஆய்வு ஒண்ணு அத உறுதி பண்ணல, அதனால டாக்டர்கள் தயங்குவாங்க. வீட்ட அடமானம் வைக்கிற நிலைமைன்னா 6 மாசம்ங்கிறத வெக்கப்படாம கேளுங்க. முதல்ல காப்பீட்டுல வருமான்னு பாருங்க, விலை கம்மியான பயோசிமிலர் (அதே மாதிரி வேற கம்பெனி பண்ற மருந்து) போதும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எக்கோ (இதய ஸ்கேன்), மறக்காதீங்க. ரெண்டு வருஷம் போட்டா இன்னும் நல்லதான்னு ஒருத்தர் கேட்டிருக்கார், இல்ல சார், ஹெரா ஆய்வுல அதையும் பாத்தாச்சு.

கேள்வி: அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லாம கீமோ போட முடியுமா?

பதில்: மூணாவது வாரம் முடி கொட்டும்போது என்ன சொல்வீங்க?

கேள்வி: லெட்ரோசோல் (ஹார்மோன் மாத்திரை) சாப்பிட்டு மூட்டு வலி தாங்கல, ரெண்டு மாசமா விட்டுட்டேன்.

பதில்: நீங்களா நிறுத்தாதீங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது. அனஸ்ட்ரோசோல் இருக்கு, எக்சிமெஸ்டேன் இருக்கு, ஒண்ணு ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு, எதுவுமே முடியலைன்னா டமாக்சிஃபென். தினமும் நடங்க, வலி குறையும். எலும்பு பலம் பாக்குற டெஸ்ட் எடுத்தீங்களா, அதையும் எழுதல.

கேள்வி: ரிப்போர்ட் போட்டோ அனுப்பிருக்கேன். எத்தனை கீமோ?

பதில்: ஹெர்-2 இருக்குற இடத்துல உங்க கட்டைவிரல் இருக்கு. அங்க 2+ன்னு போட்டிருந்தா பாசிட்டிவ்னும் சொல்ல முடியாது நெகட்டிவ்னும் சொல்ல முடியாது, ஃபிஷ் டெஸ்ட் (ஹெர்-2 மரபணுவ எண்ணிப் பாக்குறது) வந்தாதான் மருந்தே முடிவாகும். விரல எடுத்துட்டு இன்னொரு போட்டோ அனுப்புங்க.