குரோம்வெல்லைக் கவிழ்த்தது ஓர் ஓவியமா?

கேள்வி: பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு படிக்கிறேன். இங்கிலாந்து வரலாற்றுத் தாளுக்கு 'தாமஸ் குரோம்வெல்லின் எழுச்சியும் வீழ்ச்சியும்' என்ற கட்டுரை வினாவைத் தயார் செய்கிறேன். அழகாக வரைந்த ஓவியத்தைக் காட்டி அரசருக்குப் பிடிக்காத பெண்ணைக் கட்டிவைத்ததால் அவர் தலை போனது என்கிறது நான் வாங்கிய கைடு. வாட்ஸ்அப்பில் பணம் கட்டி வாங்கிய நோட்ஸ், மதம்தான் காரணம் என்கிறது. எதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்? அந்த ஓவியருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்?

பதில்: முதலில் உங்கள் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஓவியத்தை முதன்மைக் காரணமாக எழுதாதீர்கள். அதை மறுக்க ஒரு தேதி போதும்: 1540 ஏப்ரல் 18. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தன் அமைச்சர் குரோம்வெல்லுக்கு எசெக்ஸ் ஏர்ல் என்ற உயர்ந்த பிரபுப் பட்டத்தைக் கொடுத்த நாள் அது. கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆனோடு அரசருக்குத் திருமணம் நடந்தது அதே ஆண்டு ஜனவரி 6-இல். பெண்ணைப் பிடிக்கவில்லை என்பது திருமணத்துக்கு முன்பே அரசருக்குத் தெரியும். புத்தாண்டு தினத்தன்று ரோச்செஸ்டரில் மாறுவேடத்தில் போய்ப் பார்த்துவிட்டு முகம் சுளித்துக்கொண்டு திரும்பியவர் அவர். அந்தக் கோபத்தில்தான் அமைச்சரின் தலையை வாங்கினார் என்றால், மூன்று மாதம் கழித்து அதே அமைச்சரை ஏன் அவ்வளவு உயரத்தில் ஏற்றிவைக்க வேண்டும்? ஏப்ரல் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தூதர் மாரியாக், குரோம்வெல் ஆட்டம் கண்டுவிட்டார் என்று தன் அரசருக்கு எழுதினார். சில நாட்களில் பட்டம் வந்தது. பக்கத்திலேயே இருந்த தூதரால்கூடக் கணிக்க முடியாத அரசவை அது. அதை ஒரே ஓவியத்தில் அடக்கப் பார்க்கிறது உங்கள் கைடு.

மதம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியல்ல. மதம் எதிரிகளின் கையில் இருந்த ஆயுதம். அந்த ஆயுதத்தை அவர்கள் வீசத் துணிந்தது ஏன் என்பதைத்தான் உங்கள் கட்டுரை விளக்க வேண்டும்.

அதற்கு எழுச்சியிலிருந்து தொடங்க வேண்டும். குரோம்வெல் 1485-ஐ ஒட்டி லண்டனை அடுத்த பட்னியில் பிறந்தவர். தந்தை வால்டர் கொல்லுப்பட்டறையும் மதுபானம் வடிக்கும் தொழிலும் வைத்திருந்தார். மகன் இளம் வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போய், இத்தாலியிலும் ஆன்ட்வெர்ப் வணிகர்களிடமும் உலகத்தைக் கற்றுத் திரும்பி, சட்டத் தொழிலில் இறங்கினார். பிறகு அப்போது அரசரின் முதன்மை அமைச்சராக இருந்த கர்தினால் உல்சியின் ஊழியத்தில் சேர்ந்தார். உல்சியும் இப்ஸ்விச் ஊர் இறைச்சிக் கடைக்காரரின் மகன்தான். அவருக்காகச் சிறு மடங்களை மூடி, அந்தச் சொத்தை ஆக்ஸ்போர்டில் அவர் கட்டிய கல்லூரிக்கு மாற்றும் வேலையைக் குரோம்வெல் செய்தார். பின்னாளில் நாடு முழுக்கச் செய்ததை இங்கேதான் பழகினார். கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள்.

அரசர் தன் முதல் மனைவி அரகான் கேத்தரீனோடு செய்த திருமணத்தை ரத்து செய்ய போப்பாண்டவரிடம் அனுமதி வாங்கித் தர உல்சியால் முடியவில்லை. 1529-இல் பதவி போனது. அடுத்த ஆண்டு நவம்பரில் தேசத் துரோக வழக்குக்காக லண்டனுக்கு அழைத்து வரும் வழியில் இறந்தார். எஜமானர் விழுந்தால் ஊழியரும் விழுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். குரோம்வெல் விழவில்லை. 1530 முடிவதற்குள் அரசரின் ஆலோசனைக் குழுவில் இருந்தார்.

போப்பிடம் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு நாடாளுமன்றத்தை வைத்தே காரியத்தை முடிக்கும் வழியைச் செயல்படுத்தியவர் அவர். 1533-இல் ரோமுக்கு மேல்முறையீடு செய்யத் தடை. 1534-இல் அரசரே இங்கிலாந்து திருச்சபையின் தலைவர் என்ற சட்டம். 1535-இல் திருச்சபையின் வருமானம் முழுவதற்கும் கணக்கெடுப்பு. 1536-இல் ஆண்டு வருமானம் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களை மூடும் சட்டம். அதே ஆண்டு பாரன் என்ற பிரபுப் பட்டம் பெற்று, அரச முத்திரைக் காப்பாளரும் ஆனார். 1538-இல் ஒவ்வொரு ஆலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு வைக்க உத்தரவிட்டார். ஆங்கில பைபிள் எல்லா ஆலயங்களிலும் இருக்க வேண்டும் என்றார். அவர் செய்தவற்றில் நீடித்து நின்ற நன்மை இந்த இரண்டும்தான் என்பது என் கருத்து. தேர்வில் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இனி வீழ்ச்சி. 1539 ஜனவரியில் பிரான்சின் முதலாம் பிரான்சிஸும் பேரரசர் ஐந்தாம் சார்லஸும் கைகோத்தார்கள். இருவரும் சேர்ந்து இங்கிலாந்தின் மீது பாய்வார்கள் என்ற அச்சத்தில்தான் ஜெர்மன் பகுதியில் இருந்த கிளீவ்ஸோடு சம்பந்தம் பேசினார் குரோம்வெல். அரசரின் ஓவியர் ஹோல்பைன் கிளீவ்ஸ் டியூக்கின் ஆட்சிப் பகுதியில் இருந்த டூரனுக்குப் போய்ப் பெண்ணை வரைந்தது அந்தக் கோடையில். அடுத்த ஆண்டு தொடங்கும்போதே அந்த இரு அரசர்களின் நட்பு உரசத் தொடங்கிவிட்டது. பிப்ரவரியில் குரோம்வெல்லின் எதிரியான நார்ஃபோக் டியூக் பிரான்சுக்குத் தூது போய், பிரான்சோடு உள்ள பகை முடியக்கூடியதுதான் என்ற நம்பிக்கையோடு வந்தார். எந்த ஆபத்துக்காகத் திருமணம் நடந்ததோ அந்த ஆபத்து விலகுகிறது. பிடிக்காத மனைவி மட்டும் மிஞ்சுகிறார். போதாததற்குக் கெல்டர்லாந்து என்ற பகுதிக்காகக் கிளீவ்ஸ் டியூக்குக்கும் பேரரசருக்கும் தகராறு. அந்தச் சண்டையில் இங்கிலாந்தும் இழுக்கப்படலாம்.

அந்த வசந்த காலத்தில்தான் நார்ஃபோக்கின் தம்பி மகள், இளம் பெண் கேத்தரீன் ஹோவர்டு அரசர் கண்ணில் பட்டார். அரசர் அவரை மணக்க வேண்டுமானால் ஆன் விலக வேண்டும். அதைச் சட்டப்படி முடித்துத் தர வேண்டிய பொறுப்பு குரோம்வெல்லுடையது. முடித்துக் கொடுத்தால் தன் பரம எதிரியின் வீட்டுப் பெண் அரசியாவார். கொடுக்காவிட்டால் அரசரின் கோபம். கைடு தவறவிட்ட முடிச்சு இதுதான். கட்டுரையின் நடுவில் இதை வையுங்கள்.

வின்செஸ்டர் ஆயர் ஸ்டீவன் கார்டினர் நார்ஃபோக்கோடு சேர்ந்துகொண்டார். குரோம்வெல்லின் ஆதரவில் இருந்த ராபர்ட் பார்ன்ஸ் என்ற பிரசங்கி கார்டினரைத் தாக்கிப் பேசி, ஏப்ரலில் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். இது குரோம்வெல் மதத் துரோகிகளின் காவலர் என்று சொல்ல வசதியானது. இன்னொன்று: கடைசி மடமான வால்தம் மடம் 1540 மார்ச்சில் அரசர் கைக்கு வந்துவிட்டது. அரசருக்கு அவர் தேடித் தந்த பெரும் செல்வம் வந்து சேர்ந்தாயிற்று. அரண்மனையில் அவருக்குக் குலமும் இல்லை, படையும் இல்லை, பரம்பரை நிலமும் இல்லை. இருந்தது அரசரின் தயவு ஒன்றுதான்.

ஜூன் 10 அன்று ஆலோசனைக் குழு கூட்டத்திலேயே கைது செய்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார் என்றும், கழுத்தில் கிடந்த செயின்ட் ஜார்ஜ் சின்னத்தை நார்ஃபோக்கே பறித்தார் என்றும் மாரியாக் எழுதுகிறார். கொல்லன் மகன் ஏர்ல் ஆனதைப் பிரபுக்களால் எவ்வளவு பொறுக்க முடியாமல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவருக்கு வழக்கு நடக்கவில்லை. இதைச் சற்று விரிவாக எழுதுங்கள். 'அட்டெய்ன்டர்' என்று ஒரு முறை இருந்தது: சாட்சி, வாதம், நடுவர் குழு எதுவும் இல்லாமல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி ஒருவரைக் குற்றவாளி என்று அறிவித்துவிடும். பட்டம், நிலம், உயிர் எல்லாம் போகும். இதை அச்சமின்றிப் பயன்படுத்தியவர் குரோம்வெல்லேதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் எலிசபெத் பார்ட்டன் என்ற கன்னியாஸ்திரீயை அப்படித்தான் தூக்குக்கு அனுப்பினார். 1539-இல் சாலிஸ்பரி கோமாட்டி மார்கரெட் போலின் மீது அதே சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அவர் வீட்டில் கிடைத்ததாகச் சொல்லி ஓர் அங்கியைப் பிரபுக்கள் சபையில் தூக்கிக் காட்டினார். அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மையார் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் குரோம்வெல்லும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஜூன் 29-இல் சட்டம் நிறைவேறியது.

குற்றச்சாட்டுகளைப் பாருங்கள்: மதத் துரோக நூல்களைப் பரப்பினார், துரோகிகளுக்குப் பிரசங்க அனுமதி கொடுத்தார், அரசரே மாறினாலும் நான் வாளேந்திப் போரிடுவேன் என்றார், தாழ்ந்த பிறப்புடையவராக இருந்தும் பிரபுக்களை மிரட்டினார். ஓவியம் இல்லை. கிளீவ்ஸ் திருமணமும் இல்லை. தேர்வுத் தாளில் இந்த இரண்டு வாக்கியங்களும் இருக்கட்டும்.

அப்படியானால் திருமணத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆனோடு செய்த திருமணம் முழுமையடையவில்லை என்று நிரூபிக்க அரசருக்குச் சாட்சி வேண்டியிருந்தது. குரோம்வெல் சிறையிலிருந்து அதை எழுதிக் கொடுத்தார். அந்த நாட்களில் எழுதிய கடிதம் ஒன்றின் முடிவில் 'கருணை, கருணை, கருணை' என்று மும்முறை மன்றாடினார். ஜூலை 9-இல் திருச்சபைக் குழு திருமணத்தைச் செல்லாது என்றது. சாட்சி முடிந்தது. 28-ஆம் தேதி டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்டது. அன்றே அரசர் கேத்தரீன் ஹோவர்டை மணந்தார். பார்ன்ஸ் இரண்டு நாள் கழித்து எரிக்கப்பட்டார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பதில்களில் இது தொடர்ந்து பிழையாக வருகிறது. அட்டெய்ன்டரில் விழுந்தவரின் பட்டம் மகனுக்குப் போகாது. குரோம்வெல்லின் மகன் கிரிகரியோ அதே ஆண்டு டிசம்பரில் பாரன் குரோம்வெல் ஆனார். உடனே 'பட்டம் திருப்பித் தரப்பட்டது, அரசர் தவறை உணர்ந்தார்' என்று எழுதிவிடுகிறார்கள். திருப்பித் தரவில்லை. தந்தையின் ஏர்ல் பட்டம் அழிந்தது அழிந்ததுதான். தந்தை முதலில் பெற்ற பாரன் பட்டமும் அப்படியே. கிரிகரிக்குக் கிடைத்தது புதிதாக உருவாக்கிய பட்டம், பெயர் மட்டும் ஒன்று. கிடைத்ததற்குக் காரணமும் தந்தை அல்ல. கிரிகரியின் மனைவி எலிசபெத் சீமோர், மறைந்த அரசி ஜேன் சீமோரின் தங்கை. பட்டத்து இளவரசர் எட்வர்டின் சித்தி. அந்தக் குடும்பத்தை அரசரால் தெருவில் விட முடியாது. அரசர் பின்னர் வருந்தினார் என்பது தனிச் செய்தி: அற்பக் காரணங்களைச் சொல்லி என் விசுவாசமான ஊழியனைக் கொல்ல வைத்துவிட்டார்கள் என்று அவர் குறைபட்டதாக 1541 மார்ச்சில் மாரியாக் எழுதினார். இரண்டையும் கலக்காதீர்கள்.

உங்கள் நோட்ஸைப் பற்றி மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். 'உறுதியாக வரும் வினாக்கள்' என்று விற்பவர்களிடம் இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர்கள் எழுதுவதில்லை, பழைய கைடைப் படம் பிடித்து, ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, பெயரை மாற்றி விற்கிறார்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் அரசரின் தலையை வெட்டிய குரோம்வெல் வந்துவிட்டார். அவர் ஆலிவர் குரோம்வெல், 1599-இல் பிறந்தவர், தாமஸின் அக்காள் கேத்தரீன் வழி வந்தவர். இன்னொரு பக்கத்தில் முன்னாள் சான்சலர் தாமஸ் மோர் செய்ததைப் பேராயர் தாமஸ் கிரான்மர் தலையில் போட்டிருக்கிறார்கள். உல்சி, மோர், கிரான்மர், குரோம்வெல், நார்ஃபோக் எல்லோருமே தாமஸ். ஆகவே கட்டுரையில் தாமஸ் என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். வேலைக்குப் போய் மிச்சப்படுத்திய பணத்தை இந்தப் பிழைகளுக்காகக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது எனக்கு வேதனை தருகிறது.

இந்த வியாபாரம் செழிக்கக் காரணம் நம் தேர்வு முறை. 'வீழ்ச்சிக்கான காரணங்கள்' என்று கேட்டு, உட்தலைப்புகளை எண்ணி மதிப்பெண் போட்டால் மாணவர் ஏன் யோசிக்கப் போகிறார்? அஞ்சல் வழி படிப்பவர்களுக்குச் சந்தேகம் கேட்க ஆளில்லை. பாடப் பொருள் தாமதமாகக் கைக்கு வருகிறது. இடைவெளி இருக்கும் இடத்தில் தரகர்கள் நுழைகிறார்கள். பல்கலைக்கழகங்கள் இதைச் சரிசெய்யும் என்று காத்திருந்தால் உங்கள் தேர்வு முடிந்துவிடும். அதனால் உட்தலைப்புகளைப் போடுங்கள், அடிக்கோடும் இடுங்கள். ஆனால் அவற்றின் கீழே ஏப்ரல் 18, ஜூன் 10, ஜூலை 9, ஜூலை 28 என்ற வரிசையை வைத்து வாதத்தை நகர்த்துங்கள். ஓவியத்துக்கு இரண்டு வரி போதும்.

ஓவியருக்குத் தண்டனை எதுவும் இல்லை அம்மா. படம் பெண்ணைப் போலவே இருக்கிறது என்று ஆங்கிலேயத் தூதர் நிக்கோலஸ் வோட்டனே எழுதியிருந்தார். ஹோல்பைன் 1543-இல் இறக்கும்வரை அரசரின் ஓவியராகவே இருந்தார். ஆனுக்கும் தலை போகவில்லை. ரிச்மண்ட் அரண்மனையையும் ஹீவர் கோட்டையையும் பெற்றுக்கொண்டு 1557 வரை இங்கிலாந்திலேயே வாழ்ந்தார். அந்த ஓவியம் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் கைடில் அதன் பெயரில் அச்சாகியிருப்பது ஜேன் சீமோரின் படம்.