எம்ப்ளாய்மெண்ட் பாஸ், பாஸ்போர்ட்: எதை முதலில் புதுப்பிப்பது?

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் (இ.பி., அங்கே வேலை செய்வதற்கான அனுமதி) நான்கு மாதத்தில் முடிகிறது, இந்தியப் பாஸ்போர்ட் ஏழு மாதத்தில் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் செல்லும் காலத்தைத் தாண்டி சிங்கப்பூர் மனிதவள அமைச்சு பாஸ் தராது. பழைய பாஸ்போர்ட்டோடு போனால் சில மாத பாஸ்தான் கையில் வரும், அப்புறம் மறுபடியும் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு. பாஸ் புதுப்பித்தலில் பொதுவாக அதிகபட்சம் மூன்று ஆண்டு கிடைக்கும், அதை ஏன் விட வேண்டும்? புது பாஸ்போர்ட் எண் வந்ததும் எச்.ஆரிடம் கொடுத்து அமைச்சிடமும் மாற்றச் சொல்லுங்கள்.

பாஸைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, கம்பெனி. காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே செய்யலாம். "பார்த்துக்கொள்கிறோம்" என்று எச்.ஆர். சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சலில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். சீனப் புத்தாண்டு நெருங்கினால் யார் எப்போது லீவில் போவார்கள் என்று சொல்ல முடியாது.

சம்பளத்தையும் பாருங்கள். போன முறை கிடைத்தது என்பதற்காக இந்த முறையும் தானாகக் கிடைக்காது. 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி ஆனது, நிதித் துறைக்கு 6,200. வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். சம்பளம், படிப்பு போன்றவற்றுக்குப் புள்ளி போடும் காம்பஸ் முறையில் 40 புள்ளியும் வேண்டும். அமைச்சின் தளத்தில் சுய மதிப்பீட்டுக் கருவி இருக்கிறது, உங்கள் விவரத்தைப் போட்டுப் பாருங்கள்.

மனைவி, பிள்ளைகளின் டிபெண்டண்ட் பாஸையும் கூடவே புதுப்பிக்கச் சொல்லுங்கள். அவர்கள் பாஸ்போர்ட் தேதியையும் இப்போதே எடுத்துப் பாருங்கள்.