சென்னை–சிங்கப்பூர்: போக ஆறே முக்கால் மணி, திரும்ப ஒன்றே முக்கால் மணியா?

வணக்கம். உங்கள் தாயாரின் பயணச்சீட்டில் சென்னையிலிருந்து இரவு 11.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5.45 மணிக்குச் சிங்கப்பூர் சேர்வதாகவும், திரும்புகையில் இரவு 8.15 மணிக்குப் புறப்பட்டு 10.00 மணிக்கே சென்னையில் இறங்குவதாகவும் இருப்பதைக் கண்டு, போகும் விமானம் வழியில் எங்கோ நின்று செல்கிறதோ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் நேரடி விமானங்கள் என்று சீட்டிலேயே குறிக்கப்பட்டிருப்பதாக நீங்களே எழுதியிருப்பதால், அந்த ஐயம் வேண்டியதில்லை.

பயணச்சீட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படியே அச்சிடப்படும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், போகும்போது அதைக் கழித்தும் வரும்போது கூட்டியும் பார்த்தால் இரு வழியிலும் நாலேகால் மணி நேரமே வரும். (நிலநெடுக்கோட்டின்படி பார்த்தால் இந்த வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணிதான், 1982இல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம்.)

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் மூன்றரை மணிக்கும் குறைவாகவே வருகிறதே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆனால் சீட்டிலுள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, இறங்கியபின் மீண்டும் நிறுத்துமிடத்தை அடைவதில் முடிகிறது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, மெல்ல மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

தாயாருக்கு இரவு மாத்திரை இருந்தால், கைக்கடிகாரத்தை மாற்றாமல் இந்திய நேரப்படியே கொடுத்துவிடுங்கள்.