அங்கே இசிஇ என்றால் வேறு: முதுநிலைப் பட்டம் குறித்து வாசகர் கேள்விகள்

மின்னியல் மற்றும் கணினிப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெறுவது பற்றிக் கடலூர், புதுவை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

என் மகள் கடலூருக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. இஇஇ (எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) முடித்திருக்கிறாள். இப்போது அமெரிக்காவில் எம்.எஸ். இசிஇ படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இஇஇ படித்தவளுக்கு இசிஇ கொடுத்தது தவறுதலாக நடந்திருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. முப்பது கிரெடிட் எடுத்தால் பட்டம் கையில் வந்துவிடும் என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். அவ்வளவுதானா?
– ஒரு தந்தை, மஞ்சக்குப்பம்

தவறு எதுவும் நடக்கவில்லை, ஐயா. எழுத்து மூன்றும் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. நம் ஊரில் இசிஇ என்றால் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். அங்கே அது எலெக்ட்ரிகல் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். மின் உற்பத்தி, பவர் எலெக்ட்ரானிக்ஸ், கட்டுப்பாட்டியல், சிக்னல் பிராசஸிங், தகவல் தொடர்பு, மின்காந்தவியல், சிப் வடிவமைப்பு, கணினிக் கட்டமைப்பு ஆகிய அனைத்தும் அங்கே ஒரே துறையின் கூரைக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே இஇஇ படித்த உங்கள் மகள் அந்தத் துறையில் அந்நியர் அல்லர். நம் கல்லூரிகள் இரண்டு மாடிகளில் பிரித்து வைத்திருக்கும் பாடங்களை இனி அவர் ஒரே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பார், அவ்வளவுதான் வேறுபாடு.

முப்பது கிரெடிட் என்பதும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை சரியான எண்தான். ஜார்ஜியா டெக் போன்ற பெரிய துறைகளும் இசிஇ முதுநிலைக்கு முப்பதுதான் கேட்கின்றன. ஒரு பாடம் வழக்கமாக மூன்று கிரெடிட் என்பதால் பத்துப் பாடங்கள். ஆண்டை மூன்று அல்லது நான்கு குவார்ட்டர்களாகப் பிரிக்கும் பல்கலைக்கழகங்களில் இதே படிப்பு நாற்பத்தைந்து அலகாகத் தெரியும். ஸ்டான்ஃபோர்டின் மின் பொறியியல் முதுநிலைக்கு 45 என்று பார்த்து மிரள வேண்டாம்; மூன்று குவார்ட்டர் அலகு இரண்டு செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். நம் எம்.இ.க்கு அறுபதுக்கு மேல் கிரெடிட் இருக்கிறதே, அங்கே பாதிதானே என்று சிலர் கேட்பதுண்டு. இங்கே பிராஜெக்ட்டுக்கும் லேபுக்கும் கிரெடிட் தாராளமாகப் போகிறது. அங்கே ஒரு பாடத்துக்கு வகுப்பில் உட்காரும் நேரம் குறைவு, வாராவாரம் வரும் ஹோம்வொர்க்கில் செலவாகும் நேரம் அதிகம்.

ஏஜென்சி சொல்லாமல் விட்டது, எந்த முப்பது என்பதைத்தான். எடுத்த பாடமெல்லாம் பட்டக் கணக்கில் சேர்ந்துவிடாது. முதுநிலை மாணவருக்கென்றே எண்ணிட்ட பாடங்கள் இத்தனை இருக்க வேண்டும், இளநிலை மாணவரோடு சேர்ந்து படிக்கும் பாடங்கள் இத்தனைக்கு மேல் கூடாது, இசிஇ துறைக்கு வெளியே கணிதமோ கம்ப்யூட்டர் சயின்ஸோ எடுத்தால் இவ்வளவுதான், பேராசிரியரோடு தனியாகச் செய்யும் ஸ்பெஷல் பிராப்ளம்ஸுக்கு இவ்வளவுதான் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. வேறு பல்கலைக்கழகத்தில் படித்த முதுநிலைப் பாடங்களில் இரண்டோ மூன்றோதான் மாற்றிக்கொள்ள விடுவார்கள், அதுவும் இன்னொரு பட்டத்துக்குக் கணக்கில் வந்திருக்கக் கூடாது. பல துறைகள் இதற்கு மேல் ஆழம், அகலம் என்று இரு நிபந்தனைகளும் வைக்கின்றன. பவர் சிஸ்டம்ஸில் மூன்று நான்கு பாடங்கள் எடுத்து ஆழம் காட்டிவிட்டு, அதற்குத் தொடர்பில்லாத சிக்னல் பிராசஸிங்கிலோ கணினிக் கட்டமைப்பிலோ ஒன்றிரண்டு எடுத்து அகலமும் காட்ட வேண்டியிருக்கும். இளநிலையில் ராண்டம் பிராசஸ் அல்லது டிஜிட்டல் சிஸ்டம்ஸ் போதாது என்று துறை கருதினால், அதை ஈடுகட்டும் பாடத்தை எடுக்கச் சொல்வார்கள். அதற்குக் கட்டணம் உண்டு, கிரெடிட் கணக்கில் இடமில்லை.

அடுத்தது மதிப்பெண். நம் ஊரில் ஐம்பது எடுத்தால் அந்தப் பேப்பர் முடிந்தது. அங்கே பாடவாரியான தேர்ச்சிக்கு மேலே மொத்தச் சராசரி நான்குக்கு 3.0, அதாவது 'பி' இருந்தால்தான் பட்டம் தருவார்கள். 'சி' கிரேடுக்கு மதிப்பு 2.0 என்பதால், ஒரு 'சி' வாங்கினால் இன்னொரு பாடத்தில் 'ஏ' வாங்கி ஈடுகட்ட வேண்டும். சராசரி 3.0-க்குக் கீழே இறங்கினால் அகாடமிக் புரொபேஷன் என்ற கண்காணிப்பில் வைப்பார்கள். அடுத்த செமஸ்டரிலும் ஏறாவிட்டால் வெளியேற்றவும் இடமுண்டு. உதவியாளர் பணியின் பேரில் கட்டணச் சலுகை பெற்றிருந்தால் அதுவும் பறிபோகக்கூடும். முதல் செமஸ்டரிலேயே கடினமான பாடங்கள் மூன்றையும் அள்ளிப் போட்டுக்கொள்வது நம் பிள்ளைகள் செய்கிற தவறு என்பேன். இரண்டு கடினம், ஒன்று பழகியது என்று தொடங்குவது நல்லது.

விசா விதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும். முதுநிலையில் இது பொதுவாக செமஸ்டருக்கு ஒன்பது கிரெடிட். அந்த முழுநேரக் கணக்கில் ஆன்லைன் பாடம் ஒன்றுக்கு, அதாவது மூன்று கிரெடிட்டுக்கு மேல் சேராது. ஒன்பது ஒன்பதாக எடுத்தால் மூன்று செமஸ்டரில் இருபத்தேழு; மிஞ்சிய ஒரு பாடத்துக்காக நான்காவது செமஸ்டர் தேவைப்படும். இறுதி செமஸ்டரில் குறைவான பாடம் எடுக்கப் பல்கலைக்கழக அலுவலகத்தின் முன் அனுமதி கிடைக்கும், ஆனால் கேட்டுப் பெற வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், பெயர் வேண்டாம், பத்துப் பாடங்களையும் நல்ல கிரேடில் முடித்துப் பட்டத்துக்கு விண்ணப்பித்த பிறகுதான் அவற்றுள் ஒன்று கீழ்நிலைப் பாடங்களுக்கான எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறிந்தார். வேலைக்கான கடிதம் கையில் இருக்க, மூன்று கிரெடிட்டுக்காக மேலும் நான்கு மாதம் வாடகையும் கட்டணமும் கட்டினார். முதல் ஆண்டிலேயே 'பிளான் ஆஃப் ஸ்டடி' படிவத்தை நிரப்பி வழிகாட்டிப் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது. உங்கள் மகள் சேரும் ஆண்டின் கேட்டலாக்கை, அதாவது பல்கலைக்கழகத்தின் பாட, விதித் தொகுப்பை, அவரே தரவிறக்கி வைத்துக்கொள்ளட்டும். நம் மாணவர்கள் 'நான் 2017 ரெகுலேஷன், அவன் 2021 ரெகுலேஷன்' என்று சொல்வதைப் போல, அங்கேயும் சேர்ந்த ஆண்டின் விதியே பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தும். சீனியர் சொன்னது அவருடைய ஆண்டுக்குப் பொருந்தியிருக்கும், இவருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

ஆய்வேடு எழுதி எம்.எஸ். முடிப்பது சிறந்ததா, பாடங்கள் மட்டும் படித்து முடிப்பது சிறந்ததா? வேலைக்குப் போவதா பிஎச்.டி.க்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.
– இறுதியாண்டு மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

இங்கே எம்.இ. படிக்கும் அனைவருக்கும் பிராஜெக்ட் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று கட்டாயமாக இருப்பதால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அமெரிக்காவில் பல துறைகள் இரு வழிகளையும் திறந்து வைத்திருக்கின்றன. ஆய்வேடு எடுத்தால் முப்பதில் ஆறிலிருந்து ஒன்பது கிரெடிட் வரை அதற்குப் போகும், அந்த அளவுக்குப் பாடங்கள் குறையும். இரண்டு மூன்று பாடம் மிச்சம்தானே என்று எண்ணிவிடாதீர்கள்: உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் வேண்டும், பெரும்பாலும் மூவர் கொண்ட குழுவின் முன் வைவா கொடுக்க வேண்டும், ஆய்வேட்டின் ஓரங்களின் அளவு வரை பல்கலைக்கழகம் சரிபார்க்கும். பாடத்துக்குத் தேர்வு தேதி உண்டு. ஆய்வுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது, கருவி பழுதானால் செமஸ்டர் நீண்டுவிடும்.

பாடவழியில் செல்பவரிடம் சில துறைகள் இறுதியில் பொதுத் தேர்வோ பிராஜெக்ட் அறிக்கையோ கேட்கும், சில எதுவும் கேட்பதில்லை.

பிஎச்.டி. எண்ணம் கொஞ்சமேனும் இருந்தால் ஆய்வேட்டையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர் உங்கள் விடைத்தாளை மட்டுமல்லாமல் வேலையையும் பார்த்தவராக இருப்பார். சிப் வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போவதே நோக்கம் என்றால், ஒரு வடிவமைப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை செய்யவைக்கும் லேப் பாடங்கள் நான்கு, ஆய்வேட்டைவிட நேர்முகத்தில் அதிகம் பேசும். முடிவு செய்யாதவர், முதல் செமஸ்டரில் தமக்குப் பிடித்த துறைப் பேராசிரியரின் பாடத்தை எடுத்து, நன்றாகச் செய்துவிட்டுப் பிறகு அவர் அறைக் கதவைத் தட்டலாம். ஊரிலிருந்தே ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதைவிட அது பயன்தரும். ஆராய்ச்சிதான் வேண்டும், கடல் தாண்ட வேண்டாம் என்றால் ஐஐடி மெட்ராஸின் 'எம்.எஸ். பை ரிசர்ச்' இருக்கிறது. அதில் பாடம் குறைவு, ஆய்வேடே பட்டத்தின் முதுகெலும்பு.

சிஜிபிஏ 7.1. இரண்டு அரியர் இருந்தது, இரண்டையும் முடித்துவிட்டேன். ஜெர்மனியில் இசிஇ முதுநிலை கிடைக்குமா?
– பி.இ. பட்டதாரி, பண்ருட்டி

அரியரை முடித்துப் பட்டச் சான்றிதழ் கையில் இருக்கும்போது, அது தனியாக ஒரு தடையாவது அரிது. கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவது அவர்களின் பவேரியச் சூத்திரம். பத்துக்கு 7.1, தேர்ச்சி 5 என்று வைத்தால் உங்களுக்கு 2.74 வருகிறது. 2.5 கேட்கும் இடங்களுக்கு 7.5 இருந்திருக்க வேண்டும். ஆகவே அப்படி எல்லை வைக்காத பல்கலைக்கழகங்களைத் தேடுங்கள். பாடத்தின் பெயரை 'எலெக்ட்ரோடெக்னிக் உண்ட் இன்ஃபர்மாட்சியோன்ஸ்டெக்னிக்' என்று தேடினால்தான் நம் இசிஇக்கு நிகரானவை எல்லாம் அகப்படும். கணிதம், மின்சுற்று, சிக்னல்ஸ் ஆகியவற்றை எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று அளந்து பார்ப்பார்கள் என்பதால், சிலபஸ் பக்கங்களில் கல்லூரி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். செலவுக்காக முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அளவு. விண்ணப்பிக்கும் ஆண்டில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே இரண்டாண்டுப் பட்டம் 120 ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட் அலகு), அதில் ஆய்வேடு மட்டும் வழக்கமாக 30. உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. பல ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கத்தை விமான நிலையத்தோடு விட்டுவிடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பி.டெக். இசிஇ முடித்த நான் பிரான்சில் முதுநிலை படித்தால் நன்மை உண்டா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

கட்டணத்தில் பெரிய நன்மை உண்டு. பிரெஞ்சு அரசு 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கான முதுநிலைக் கட்டணத்தை ஆண்டுக்கு 3,770 யூரோவாக உயர்த்தியது. அதன்பின் அது இன்னும் சற்று ஏறியிருக்கிறது. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு அது சில நூறு யூரோதான், மாணவர் விசாவும் தேவையில்லை. அங்கே நம் துறையின் பெயர் 'ஈஇஏ', அதாவது எலெக்ட்ரானிக்ஸ், மின்னாற்றல், தானியங்கிக் கட்டுப்பாடு. எம்1, எம்2 என்று இரண்டு ஆண்டு, 120 ஈசிடிஎஸ், இரண்டாம் ஆண்டில் பல மாதம் நிறுவனத்தில் பயிற்சி. இருபதுக்குப் பத்து எடுத்தால் தேர்ச்சி. பதினான்கு என்பது அங்கே நல்ல மதிப்பெண், எனவே வீட்டில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பொறியியல் பள்ளிகள் தரும் 'இன்ஜெனியர்' பட்டமும் முதுநிலைத் தகுதி உடையதே. குடியுரிமை இருப்பதால் மொழி வந்துவிடாது. வீட்டில் பேசும் பிரெஞ்சு விரிவுரைக்குப் போதாது என்றால், பிரெஞ்சு வழிப் பாடத்துக்கு பி2 என்ற மொழித்திறன் நிலைச் சான்று பெற்றுவிட்டு விண்ணப்பியுங்கள்.

வெளிநாடு அனுப்ப வசதி இல்லை. என் மகன் இசிஇ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். இங்கேயே உதவித்தொகையோடு படிக்க வழி உண்டா?
– ஒரு தாய், நெய்வேலி

உண்டு, அம்மா. பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான கேட் தேர்வை எழுதச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். உங்கள் மகன் எலெக்ட்ரானிக்ஸுக்கான 'இசி' தாளை எழுதலாம். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். கேட் தகுதியோடு எம்.இ., எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் இருபத்து நான்கு மாதம் உதவித்தொகை உண்டு; அதற்குப் பதிலாக வாரத்தில் சில மணி நேரம் துறையின் லேபிலோ வகுப்பிலோ உதவ வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா-பிஜி தேர்வு எழுதியும் தமிழ்நாட்டில் எம்.இ. சேரலாம், ஆனால் அதன் வழியே மட்டும் சேர்ந்தால் இந்த 12,400 கிடைக்காது. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களான என்ஐடிக்களுக்கு சிசிஎம்டி என்ற பொதுக் கலந்தாய்வில் பதிவு செய்ய வேண்டும். என்ஐடி புதுச்சேரி என்ற பெயரைப் பார்த்துப் புதுவையில் அறை தேட வேண்டாம், அது காரைக்காலில் இருக்கிறது. கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில் நடக்கும்.