பெட்டியில் கிடைத்த போர்ப் பதக்கம் யாருடையது?

கேள்வி: பாட்டி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒருவன், 1914, 1918 என்ற எண்கள். விளிம்பில் ஆங்கில எழுத்துகள் தேய்ந்து தெரிகின்றன. நான்கு இலக்க எண் ஒன்றும், ‘எஸ்பிஆர்’ என்பதும், கடைசியில் ‘2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ என்பதும் படிக்க முடிகிறது. நடுவில் உள்ள பெயர் பாதி அழிந்துவிட்டது. பாட்டியின் தாத்தா பஸ்ராவுக்குச் சண்டைக்குப் போய்த் திரும்பியவர் என்று வீட்டில் சொல்வார்கள். இது அவருடையதுதானா? எப்படி உறுதி செய்வது?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவது போல விபூதியோ புளியோ போட்டு அதைத் தேய்த்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய தகவல் முழுக்க அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்துபோன எழுத்து இன்னொரு துலக்கலைத் தாங்காது.

உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் வார் மெடல். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. ராஜா, ஐந்தாம் ஜார்ஜ். வெள்ளியில் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள் என்பதால் அரிய பொருள் என்று சொல்ல முடியாது. ஆனால் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யாருடையது என்று கேட்டால் பதிலே கிடையாது. அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

நீங்கள் படித்த எழுத்துகளுக்கு வருவோம். ‘எஸ்பிஆர்’ என்பது சாப்பர் என்பதன் சுருக்கம். காலாட்படையில் சிப்பாய் எப்படியோ, பொறியாளர் படையில் சாப்பர் அப்படி. மீதி எழுத்துகள் ‘இரண்டாவது குயீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்ற படையைக் குறிக்கின்றன. பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ்தான் அது. பாலம் கட்டுவது, சாலை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, கண்ணிவெடி வைப்பது எல்லாம் இவர்கள் வேலை. ‘குயின்சாப்’ என்பார்கள், ‘தம்பி’ என்றும் செல்லமாகச் சொல்வதுண்டு. அந்தப் படை இன்றும் மெட்ராஸ் என்ஜினீயர் குரூப் என்ற பெயரில் பெங்களூரிலேயே இருக்கிறது. போருக்குப் பிறகு கலைக்கப்பட்ட மெட்ராஸ் காலாட்படைப் பிரிவு ஏதாவது விளிம்பில் இருந்திருந்தால், கடிதம் போட ஒரு முகவரியைத் தேடுவதே பெரும்பாடாகியிருக்கும்.

இனி பெயர். பாதி அழிந்துவிட்டதே என்று கவலைப்படுகிறீர்கள். பொதுவாக எல்லோரும் பெயரைத்தான் பிடித்துத் தொங்குவார்கள். நான் எண்ணைத்தான் பிடிப்பேன். நம் ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் ரெஜிமெண்டு குமாஸ்தா. ஒரே ராமசாமியை நாலு விதமாக எழுதுவார். அது போக, ஒரே படையில் ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஊர் பெயரும் தகப்பனார் பெயரும் பதக்கத்தில் வராது. எண் அப்படியல்ல, படைக்குள் அது ஒருவரைத்தான் சுட்டும். ஆனால் ஒன்று: ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கென எண் வரிசை வைத்திருந்தது. அதே எண் இன்னொரு படையில் வேறொருவருக்கு இருக்கும். ஆகவே எண்ணையும் படைப்பெயரையும் எப்போதும் சேர்த்தே தேடுங்கள்.

அதனால் எண்ணில் ஒரு இலக்கம்கூடத் தவறக்கூடாது. இருட்டு அறையில் செல்போன் டார்ச்சை விளிம்புக்குச் சாய்வாகப் பிடித்து, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி ஏழெட்டுப் படம் எடுங்கள். 3, 8 இரண்டும் குழப்பும். 1, 7 இரண்டும் அப்படியே. மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் இலேசாகத் தீட்டினாலும் எழுத்து எழும்பி வரும். அப்படியே விட்டத்தையும் அளந்துவிடுங்கள். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால், யாரோ பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டியிருக்கலாம். வீட்டுப் பெட்டியில் கிடைத்ததில் இதற்கு வாய்ப்புக் குறைவு என்றாலும், பதக்கங்கள் அடகுக்கும் விலைக்கும் போய் வந்தவை என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் இருந்தது என்பதை மட்டும் வைத்து உறவை நிரூபிக்க முடியாது.

அடுத்தது நீங்கள் எதிர்பார்க்காத இடம்: இறந்தவர்களின் பட்டியல். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பேரரசுப் படைகளில் மாண்டவர்களைக் கட்டணமின்றித் தேடலாம். படை எண் கொண்டும் தேடலாம். உங்கள் மூதாதையர் திரும்பி வந்தவர் என்றால் அவர் அதில் இருக்கக்கூடாது. அந்த எண் அங்கே இருந்துவிட்டால்? அப்போது பதக்கம் வேறொருவருடையது. ஒருவேளை திரும்பாமல் போன அவருடைய அண்ணனோ தம்பியோ. இறந்தவரின் பதக்கம் குடும்பத்துக்குத்தான் போகும். அந்தப் பட்டியலில் பல இந்திய வீரர்களுக்குத் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா வரை குறித்திருக்கிறார்கள். நீங்கள் தேடும் சான்று அதுதான். பெட்டியில் உள்ளங்கையை விடப் பெரிய, சுமார் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கல வட்டத்தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மாண்டவர்களின் குடும்பத்துக்கு மட்டும் கொடுத்த நினைவுத் தகடு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்றைய இராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச்சின்னம், போரில் மாண்ட 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. அதில் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயரைக் கல்லில் வெட்டவில்லை. எந்தப் படையில் எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் போட்டார்கள். பெயர்கள் பட்டியலில்தான் உண்டு. அதனால் நினைவுச்சின்னத்தின் படத்தைப் பார்த்து “பெயர் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள்.

பட்டியலில் எண் இல்லை என்றால் வீட்டுக் கதைக்குப் பலம் கூடுகிறது, அவ்வளவுதான். அப்புறம் பெங்களூர். மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்பின் ஆவணப் பிரிவுக்கும், அவர்களுடைய அருங்காட்சியகத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். எண், விளிம்பின் படங்கள், பாட்டியின் தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், அப்போதைய ஜில்லாவும் ஊரும், இவ்வளவு போதும். குடும்பக் கதையை நாலு பக்கம் எழுத வேண்டாம். என்ன இருக்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள்: அந்த எண்ணுக்கு எதிரே உள்ள பெயர், தகப்பனார் பெயர், எந்தக் கம்பெனி (படைக்குள் இருந்த சிறு பிரிவு). பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். எதிர்பார்ப்பை மட்டும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் பணிப் பதிவுகளை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது ராணுவ விதி. பென்ஷன் வாங்கியவர் என்றால் வாய்ப்பு அதிகம். அதனால் பெட்டியில் பழைய பென்ஷன் புத்தகமோ டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டோ இருந்தால், அது பதக்கத்தை விடப் பெரிய புதையல்.

லண்டன் பக்கம் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்க அட்டைகள் இருக்கின்றன. பெரும்பாலும் பிரிட்டிஷ் வீரர்களுடையவை; இந்திய வீரர்களில் ஒரு பகுதியினருடையதும் உண்டு. தேடிப் பார்ப்பது இலவசம். ஆனால் சந்தா கேட்கும் வம்சாவளித் தளங்களுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஆவணங்கள்.

கியூ வேறு விதத்தில் பயன்படும். படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் அங்கே இருக்கின்றன. பெங்களூரில் கம்பெனி எண் கிடைத்துவிட்டால், அந்தக் கம்பெனி எந்த நாளில் எங்கே இருந்தது என்று பார்க்கலாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், போரிட்டது உண்மை. பஸ்ரா 1914 நவம்பரில் கைப்பற்றப்பட்டது; பாக்தாத் 1917 மார்ச்சில். ஆகவே வீட்டுக் கதை நம்பக்கூடியதே. ஆனால் எல்லாக் கம்பெனிகளும் அங்கே போகவில்லை, கம்பெனி தெரியாமல் அவர் டைக்ரிஸ் ஆற்றங்கரையில் பாலம் கட்டினார் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. இதற்கு ஜோடியாகத் தங்க நிறத்தில், சிறகு விரித்த தேவதை உருவம் பொறித்த வெண்கலப் பதக்கம் ஒன்று உண்டு, விக்டரி மெடல். போர்முனையில் கால் வைத்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். உங்கள் பெட்டியில் இல்லாவிட்டாலும் சித்தப்பா, அத்தை வீடுகளில் கேளுங்கள். பாகப்பிரிவினையில் பதக்கங்களும் பிரிந்துபோகும். அதன் விளிம்பிலும் அதே எண்ணும் பெயரும் இருக்கும். உங்கள் பதக்கத்தில் அழிந்த எழுத்துகள் அதில் தெளிவாக இருக்கலாம். பெங்களூருக்குக் கடிதம் போடுவதற்கு முன்பே அந்தச் சுற்றுப் போன் பேச்சை முடித்துவிடுங்கள்.