பிக்கப் டிரக்கின் பின்பக்கக் கமான் பட்டை (பாரத்தைத் தாங்கி வளைந்து கொடுக்கும் எஃகுப் பட்டைகளின் அடுக்கு) ஏன் உடைகிறது? ஒரு பட்டை உடைந்தாலும் ஓட்டலாமா?
ஓட்டாதீர்கள். அமெரிக்காவில் 2014-ல் டொயோட்டா இதே கோளாறுக்காக 2005 முதல் 2011 வரையிலான டக்கோமா பிக்கப் மாடல்களில் சுமார் 6,90,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

பாரம் மட்டுமே காரணமில்லை. ஒவ்வொரு குழியிலும் பட்டை வளைந்து நிமிர்கிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இடுக்குகளில் தங்கித் துருவைக் கிளப்பும். துரு அரித்த சின்னப் பள்ளத்தில் விரிசல் விழும். அப்புறம் ஒவ்வொரு அசைவிலும் அது வளரும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன, ஓடுகிறதே என்று விடுபவர்கள் உண்டு. அது ஆபத்தான கணக்கு. முறிந்த துண்டு நகர்ந்து டேங்கைக் குத்தினால் பெட்ரோல் கசியும், தீப்பிடிக்கவும் கூடும்.

மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புதுசும் பழசும் ஒரே உயரத்தில் நிற்காது.