பெலும் காட்டுக்கு இன்சுலின் கொண்டு போறது பத்தி

தங்கச்சி, இனிப்பு நீர் உள்ள அம்மாவோட பேராக்ல இருக்கற ராயல் பெலும் காட்டுக் குடில்ல ரெண்டு ராத்திரி தங்கணும், பிரிட்ஜ் இல்ல, இன்சுலின் கெட்டுடுமான்னு கேட்டீங்க. தொறந்த இன்சுலின் பேனா (ஊசி) 30 டிகிரிக்குக் கீழ பெரும்பாலும் 28 நாள் தாங்கும், பெட்டித் தாள்ல போட்டிருக்கும் பாருங்க. நான் சுங்கை சிப்புட்லேருந்து எங்கம்மாவ கூட்டிட்டுப் போனப்ப தெர்மோஸ்ல துண்டு சுத்தி வெச்சேன், ஐஸ்ல நேரா வெச்சுடாதீங்க, உறைஞ்சா மருந்து போச்சு. பூலாவ் பண்டிங் படகுத்துறையில படகு ஏறி உள்ள போனா போன் லைனை மறந்துடுங்க லா, அதனால இன்னொரு பேனா, சீனி திடீர்னு எறங்குனா வாயில போட சீனி மிட்டாய் எல்லாம் கைப்பையிலயே இருக்கட்டும், பெரிய பேக்க படகு முன்னாடி போட்டுடுவாங்க, வெயில்ல வேகும். காட்டுக்குள்ள போற பெர்மிட்டுக்கு ஐசி (அடையாள அட்டை) விவரம் முன்னாடியே குடுத்துடுங்க. ரத்தம் குடிக்கிற அட்டைப் பூச்சிக்கு எங்கம்மா, பால் மரம் வெட்டுன காலத்துப் பழக்கம், சாக்ஸ்ல புகையிலைத் தண்ணி தடவிக்கிட்டாங்க, சிரிச்ச எனக்குத்தான் நாலு கடி!